மாப்பிள்ளையோடு பார்க்கலாம்

எங்கள் தெருப் பிள்ளைகளுக்குப் பொறுமை என்பதே கிடையாது. தீபாவளிக்கு இன்னும் இரண்டு நாள் கிடக்கிறது, அதற்குள் வெடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஐப்பசி மழையில் நமத்துப்போன வெடிகளைத் தகரத்தில் பரப்பி வெயிலுக்குக் காத்திருந்தார்கள். வெயில் வந்தால்தானே. நனைந்த வெடிமருந்தின் வாசம் மாடிப்படி வரைக்கும் ஏறி வந்தது. நான் அந்தப் படியில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தபோதுதான் போன் சிணுங்கியது.

என் தங்கை மலர்விழியின் மகள் கயல். வைகாசியில் கல்யாணம் ஆனவள். "மாமா, எனக்குத் தலதீவாளி. உங்க மருமவனையும் அம்மாவையும் கூட்டிக்கிட்டு எந்தப் படம் போலாம்? சீக்கிரம் சொல்லுங்க, டிக்கெட் போடணும்" என்று அனுப்பியிருந்தாள். என்னிடம் ஏன் கேட்கிறாள் என்று நீங்கள் கேட்கலாம். இன்று படம் பார்த்துச் சொல்ல ஆளா இல்லை? இடைவேளை விடுவதற்குள் நாற்பது பேர் தியேட்டர் வாசலில் மைக்கோடு நிற்கிறார்கள். ஆனாலும் எங்கள் குடும்பத்தில் ஐப்பசி மாதத்தில் இந்தக் கேள்வி என்னிடம்தான் வரும். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

இந்தத் தீபாவளிக்கு மூன்று படங்கள் வந்திருக்கின்றன. வெள்ளிக்கிழமையே மூன்றையும் அடித்துப்பிடித்துப் பார்த்துவிட்டேன். இந்த வயதிலும் அந்தக் கிறுக்கு போகவில்லை. முதல் படத்தில் பெரிய ஹீரோ இரண்டரை மணி நேரம் துப்பாக்கியைக் கீழேயே வைக்கவில்லை. எனக்குக் காது அடைத்து, வெளியே வந்து டீக்கடைக்காரர் பேசியதே கேட்கவில்லை. இரண்டாவது பேய்ப்படம். பேய் வரும் இடங்களில் தூக்கம் வருகிறது, காமெடி வரும் இடங்களில் பயம் வருகிறது. குழந்தைகள் இருந்தால் போகலாம். மூன்றாவது சின்னப் படம். தையல் கடைக்காரன் ஒருவனும் அவன் பெண்டாட்டியும். பெரிய முகம் ஒன்றும் கிடையாது. ஆனால் நான் எழுந்து வர மனமில்லாமல் பெயர்கள் ஓடி முடியும்வரை உட்கார்ந்திருந்தேன். இந்தப் பருவத்தில் ஒரே ஒரு படம் பார்ப்பதென்றால் அதைத்தான் பார்க்க வேண்டும். இதில் ஒரு சிக்கல், கடைசியில் அந்தத் தையல்காரன் செத்துப்போகிறான்.

அதை டைப் செய்யும்போது விரல் நின்றுவிட்டது. தலைதீபாவளி ஜோடி ஒருபக்கம். இன்னொரு பக்கம் என் தங்கை. சாதாரண ஒரு சினிமாக் கேள்விக்கு நெஞ்சு ஏன் இப்படி அடித்துக்கொள்கிறது என்று எனக்கே எரிச்சலாக வந்தது. அடித்துக்கொள்ளத்தான் செய்யும். முன்பு ஒரு தீபாவளிக்கு இதே கேள்வி என்னைப் படுத்திய பாடு அப்படி.

அப்போது பெரம்பலூரில் ஒரு லோக்கல் சேனலில் எனக்கு வேலை. சேனல் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். கல்யாண வீடியோக் கடையின் பின்னறை. சுவரில் பச்சைத் திரை, முன்னால் ஒரு மேஜை, மேஜைமேல் பிளாஸ்டிக் ரோஜா. முகூர்த்த நாளில் கேமரா கல்யாணத்துக்குப் போய்விடும், அன்றைக்குச் செய்திகள் கிடையாது. நானே செய்தி, நானே வாழ்த்து, நானே துக்க அறிவிப்பு. எங்கள் முதலாளி இழுத்த வயர் குன்னம் தாண்டி அந்தப் பக்கத்து ஊர்கள் வரைக்கும் ஓடியது. அதனால் பஸ்ஸில் ஏறினால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அதற்காகவே இஸ்திரி போட்ட சட்டையில் பஸ் ஏறுவேன்.

தீபாவளியன்று மதியம் மட்டும் சேனலுக்கு மவுசு வந்துவிடும். 'எந்தப் படம் போகலாம்?' என்று ஒரு நேரலை. காலைக் காட்சியைப் பார்த்துவிட்டு ஓடிவந்து மேஜையில் உட்காருவேன். மற்ற தியேட்டர்களின் கதையை நண்பர்கள் வந்து சொல்லுவார்கள். ஜனங்கள் போன் செய்வார்கள். கேமரா கோணம், இயக்குநரின் பார்வை என்று நான் எதையாவது ஆரம்பித்தால் அந்தப் பக்கத்தில் பொறுமை போய்விடும். "அதெல்லாம் இருக்கட்டும் சார், மாப்ளையோட பாக்கலாமா?" என்பார்கள். அதுதான் கேள்வி. எங்கள் பக்கத்தில் தலைதீபாவளிக்கு வந்த மாப்பிள்ளையை, எண்ணெய் தேய்த்துக் குளிக்கவைத்து, கறிச்சோறு போட்டு, குடும்பத்தோடு புதுப்படத்துக்குக் கூட்டிக்கொண்டு போவது முறை. அந்தப் படம் சரியில்லை என்றால் மாமனார் வீட்டு மரியாதையே சரியில்லை என்று ஆகிவிடும்.

ஆகவே எங்கள் சேனலில் நட்சத்திரம் கிடையாது, மதிப்பெண் கிடையாது. ஒவ்வொரு படத்துக்கும் கடைசியில் 'மாப்பிள்ளையோடு பார்க்கலாம்' அல்லது 'வேறு நாளில் பார்க்கலாம்' என்று சொல்லி முடிப்பேன். அதற்கு எழுதாத சட்டங்கள் உண்டு. பெண் அழுதுகொண்டு பிறந்த வீட்டுக்கு வரக் கூடாது. மாமனார், மாப்பிள்ளையை அடிக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாகத் தாலி அறுக்கும் காட்சி கூடவே கூடாது. ஒரு வருடம் வீட்டோடு மாப்பிள்ளையைத் துடைப்பத்தால் விரட்டும் காமெடி ஒன்று வந்தது. தியேட்டரே சிரித்தது. சிரிக்காத ஒரே ஆள், வரதராஜன்பேட்டையிலிருந்து வந்த புதுமாப்பிள்ளை. இடைவேளையில் முறுக்கு வாங்கப் போகிறேன் என்று போனவர் நேராக ஊருக்கே போய்விட்டார். அவரைச் சமாதானம் செய்து கூட்டிவரப் பொங்கல் ஆகிவிட்டது. அந்தப் படத்துக்கு நான் 'வேறு நாளில்' என்றுதான் சொல்லியிருந்தேன். அந்த வீட்டில் அன்றைக்குக் கரண்ட் இல்லையாம்.

இப்படி ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவன் வீட்டுக்கே தலைதீபாவளி வந்தது. மலருக்கு உடையார்பாளையத்தில் மாப்பிள்ளை. ராசேந்திரன், லாரி டிரைவர். அரியலூர்ப் பக்கத்துச் சுரங்கங்களிலிருந்து சுண்ணாம்புக்கல் ஏற்றும் வண்டி. நல்ல மனுஷன், வாயைத் திறந்தால் சினிமாதான். கல்யாணமான கொஞ்ச நாளிலேயே வண்டி பள்ளத்தில் இறங்கி அவருக்குக் கால் முறிந்துபோனது. வண்டி பள்ளத்தில் இறங்கினால் ரோட்டைத் திட்டுவதுதானே நியாயம்? அவருடைய பங்காளிகள் மலரின் ராசியைப் பேசினார்கள்.

மாமியார் ஒன்றும் பேசவில்லை. அதுதான் எங்களுக்குப் பயம். சின்ன வயதிலேயே புருஷனை இழந்து, ஒற்றைப் பிள்ளையை முந்திரிக்கொட்டை உடைத்து ஆளாக்கிய அம்மாள். கால் முறிந்த நாளிலிருந்து மலர் பரிமாறினால் சாப்பிடுவதில்லை, தானே போட்டுச் சாப்பிட்டுக்கொள்வார். அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை. ஆடிக்கு அழைத்துவந்த மலரை ஆவணியில் வந்து கூட்டிப்போகவில்லை. கேட்டதற்கு, "தீவாளி போவட்டும், பாத்துக்கலாம்" என்று சொல்லியனுப்பினார். அந்த 'பாத்துக்கலாம்' என்ற வார்த்தையை வைத்துக்கொண்டு எங்கள் வீட்டில் யாரும் சரியாகத் தூங்கவில்லை.

தீபாவளிக்கு மாப்பிள்ளையோடு அந்த அம்மாளும் வந்துவிட்டார். தலைதீபாவளிக்கு மாமியார் கூட வருவது வழக்கமே இல்லை. "காலு இப்பதான் கூடியிருக்கு, கூட ஆளு வேணும்" என்றாராம். எங்கள் ஊர் குன்னத்துக்குப் பக்கம். அங்கே வீடு முழுக்கக் குரலைத் தாழ்த்திப் பேசிக்கொண்டிருந்தது. மறுநாள் சினிமா பார்த்துவிட்டு அவர் அப்படியே ஊருக்குக் கிளம்புவதாக ஏற்பாடு. மாப்பிள்ளை இரண்டு நாள் இருந்துவிட்டு வருவார். மலர் திரும்பிப் போகிறாளா, இங்கேயே கிடக்கிறாளா என்பதை மட்டும் அவர் வாயைத் திறந்து சொல்லவில்லை.

தீபாவளியன்று விடிந்ததும் குளித்துவிட்டு நான் பெரம்பலூருக்கு ஓடினேன். காலைக் காட்சி. அந்தத் தியேட்டரின் வாசம் எனக்கு இப்போதும் நினைவிருக்கிறது. பிளீச்சிங் பவுடர், ஈரச் சாக்கு, புதுச்சட்டைக் கஞ்சி, இவற்றுக்கு நடுவே யாரோ மறைத்துப் பிடிக்கும் பீடி. படம் எனக்குப் பிடித்திருந்தது. அன்பான ஒரு புருஷன் பெண்டாட்டி கதை. கடைசியில் ஹீரோ அடிபட்டு ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். கோயில் மணி அடிக்கிறது, அவள் ஓடிவருகிறாள், அவன் கண்ணைத் திறக்கிறான். திரையில் 'வணக்கம்' என்று எழுத்து. விளக்கைப் போட்டுவிட்டார்கள். சட்டென்று முடித்துவிட்டார்களே என்று நினைத்தேன். அப்புறம், சட்டென்று முடிப்பதும் ஒரு கலைதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். விமர்சகன் ஆயிற்றே.

மேஜையில் உட்கார்ந்து அதைத்தான் உயர்த்திப் பேசினேன். வரிசையாகப் போன் வந்தது. நடுவில் எங்கள் அப்பாவின் குரல். பக்கத்து வீட்டுப் போனிலிருந்து, யாரோ போலப் பேசினார். "வணக்கங்க. எங்க வூட்ல தலதீவாளிங்க" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த நொடி போன் கைமாறியது.

"தம்பி, நான் ராசேந்திரன் அம்மா பேசறேன்."

முதுகு தானாக நிமிர்ந்தது. "சொல்லுங்கத்த."

"அந்தப் படத்த நீங்க பாத்தீங்களா?"

"பாத்தேங்கத்த."

"முழுசா?"

"முழுசாப் பாத்தேங்கத்த. தாராளமா மாப்ளையோட பாக்கலாம்."

"சரி" என்று வைத்துவிட்டார். இதெல்லாம் நேரலையில்.

மத்தியானக் காட்சிக்கு அவர்களுக்காகப் பெரம்பலூர்த் தியேட்டர் பால்கனியில் இடம் பிடித்து வைத்திருந்தேன். வாசலில் நின்றேன். படம் ஆரம்பித்துவிட்டது. ஆளைக் காணோம். மழை வேறு பிடித்துக்கொண்டது. குன்னம் பஸ் ஒவ்வொன்றாக வந்து இறக்கிவிட்டுப் போனது. இடைவேளை நெருங்கும்போது எங்கள் ஊர்க்காரர் ஒருவர் அரியலூர் பஸ்ஸிலிருந்து இறங்கினார். "உங்க ஆளுங்கள அரியலூர் தியேட்டர் வாசல்ல பாத்தனே. சம்பந்தியம்மாவுக்கு அங்கருந்து பஸ்ஸு ஏற சுளுவுன்னு உங்கப்பா சொன்னாரு" என்றார். சரிதான், அங்கேயும் அதே படம் ஓடுகிறது, எங்கே பார்த்தால் என்ன என்று நிம்மதியாகிவிட்டேன்.

இடைவேளையில் தியேட்டர் மேனேஜர் கோவிந்தராசு டீக்கு வந்தார். என் பேச்சைக் கேட்டு நாலு டிக்கெட் கூடுதலாகப் போயிருக்கும், முகத்தில் அத்தனை மலர்ச்சி. "என்ன சார், வூட்டு ஆளுங்க வரலியா?"

"அரியலூர்ல பாக்கறாங்களாம்ண்ணே. இதே படந்தானே."

அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "அங்க வெட்டியிருக்க மாட்டானே."

"எத?"

"கடைசி ரீல. தலதீவாளிக் கூட்டம் வர்ற நேரத்துல அத எப்படி ஓட்டறது? படப்பொட்டி வந்ததும் போட்டுப் பாத்தேன். அவன் கண்ணத் தொறக்கறான் பாருங்க, அதோட கத்திரியப் போட்டு வணக்கத்த ஒட்டிட்டேன். தீவாளிக் கூட்டம் போனதும் திரும்ப ஒட்டிருவேன்."

"அதுக்கப்பறம் என்ன இருக்கு?"

"ரெண்டு வார்த்த பேசிட்டுப் போயிருவான். அப்பறம் அந்தப் புள்ளைக்கு…" என்று தன் நெற்றியில் கையை வைத்து அழுத்தித் துடைத்துக் காட்டினார். "அஞ்சு நிமிசம் ஓடும் சார். கல்லும் கரைஞ்சிரும்."

இந்த மனுஷன் ஊர்ப் பெண்களுக்கெல்லாம் நல்லது செய்துவிட்டு, என் தங்கையை மட்டும் மாட்டிவிட்டாரே என்று வந்தது. அவரை என்ன சொல்ல? தியேட்டர் ஆபீஸிலிருந்து அரியலூருக்குப் போன் போட்டோம். அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை. தீபாவளிக் கூட்டத்தில் டிக்கெட் கிழிப்பானா, போனை எடுப்பானா? செல்போன் எங்கள் முதலாளி ஒருவரிடம்தான் இருந்தது, அதில் நான் யாரைக் கூப்பிடுவது? கோவிந்தராசுவின் பைக் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பினேன்.

அந்த முப்பது கிலோமீட்டரை நான் இன்றைக்கும் கனவில் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். மழை ஊசி ஊசியாக முகத்தில் குத்தியது. இரண்டு பக்கமும் மக்காச்சோளக் காடு, ரோட்டில் ஒரு ஈ காக்காய் இல்லை. எல்லோரும் தின்றுவிட்டுப் படுத்திருந்தார்கள். என் தலைக்குள் படம் ஓடிக்கொண்டிருந்தது. இப்போது சந்தைச் சண்டை வந்திருக்கும். இப்போது அவள் கோபித்துக்கொண்டு போயிருப்பாள். காலையில் எந்தக் காட்சி நீளம் என்று குறைபட்டேனோ, அந்தக் காட்சி இன்னும் கொஞ்சம் நீளக் கூடாதா என்று வேண்டிக்கொண்டேன்.

குன்னம் தாண்டியதும் ஸ்பார்க் பிளக்கில் தண்ணீர் இறங்கி வண்டி நின்றது. சட்டையைக் கழற்றி, உள்பனியனால் துடைத்துத் துடைத்துப் போட்டேன். உதைத்து உதைத்துக் கணுக்கால் பெயர்ந்துவிடும் போலிருந்தது. உயிர் வந்ததும் வண்டியைக் கும்பிட்டேன். அரியலூர் எல்லையில் தீபாவளிக்கு லீவு விட்ட கல் லாரிகள் ஓரமாக நின்றன. அதிலொன்று மாப்பிள்ளையின் வண்டியாகக்கூட இருக்கலாம். அந்த வண்டி பள்ளத்தில் இறங்கியதற்கு என் தங்கை என்ன செய்வாள் என்று சத்தம் போட்டே கேட்டேன். கேட்க யாரும் இல்லை.

ரயில்வே கேட் மூடியிருந்தது. சிமெண்ட் மூட்டை ஏற்றிய கூட்ஸ், மாமியார் வீட்டுக்குப் போகிற மாதிரி அசைந்து அசைந்து போனது. பெட்டிகளை எண்ண ஆரம்பித்து, வெறுத்துப்போய் விட்டுவிட்டேன். கடைசிப் பெட்டி போயும் கேட் தூக்கவில்லை. கேட்கீப்பரைக் கேட்டால், இன்னொன்று வருகிறது என்றார். பைக்கை அப்படியே ஸ்டாண்டில் போட்டு, பக்கத்தில் குடையோடு நின்றவரிடம், "அண்ணே, வண்டியப் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுத் தண்டவாளத்தைத் தாண்டி ஓடினேன். அவர் யாரென்று எனக்குத் தெரியாது. திரும்பி வரும்போது வண்டியும் அவரும் அப்படியே இருந்தார்கள்.

தியேட்டர் வாசலுக்கு வந்தபோது உள்ளேயிருந்து சோகப்பாட்டு கேட்டது. அந்தப் பாட்டு முடிந்தால் ஆஸ்பத்திரி. வாசல்காரர் மறித்தார், முகத்தைப் பார்த்துவிட்டு, "அட, டீவில வர்ற தம்பி" என்று விட்டுவிட்டார். மதியம் வரைக்கும் எனக்கிருந்த பெருமையெல்லாம் அந்த ஒரு கதவுக்கு உதவியது. பால்கனி கும்மிருட்டு. படியில் இடறி யாரோ ஒருவர் மடியில் விழுந்து, திட்டு வாங்கிக்கொண்டு எழுந்தேன். திரையில் வெள்ளைக் கட்டில் வந்தது. அந்த வெளிச்சத்தில் அவர்கள் நால்வரும் தெரிந்தார்கள். ஓரத்தில் அப்பா, அடுத்து மாப்பிள்ளை, மலர், மலரை ஒட்டி மாமியார். மலர் முந்தானையை வாயில் வைத்து அழுதுகொண்டிருந்தாள்.

"எல்லாரும் எந்திரிங்க, போலாம்" என்றேன்.

"என்ன மச்சான், கிளைமாக்ஸ்ல வந்து…" என்றார் மாப்பிள்ளை.

"தரைப்பாலத்துல தண்ணி ஏறுதாம். உடையார்பாளையம் பஸ்ஸ நிறுத்தப் போறாங்களாம். இப்ப போனாத்தான் அத்தைக்கு வண்டி."

"ஒரு அஞ்சு நிமிசம் அண்ணே" என்றாள் மலர். "அவன் கண்ணத் தொறக்கட்டும்."

கோயில் மணி அடிக்க ஆரம்பித்தது. அந்த அம்மாள் என்னைப் பார்த்தார். தலையிலிருந்து தண்ணீர் சொட்ட, பட்டன் மாறிப்போட்ட சட்டையோடு நின்ற என்னை மேலும் கீழுமாகப் பார்த்தார். ஒரு முறை திரையைப் பார்த்தார். பிறகு முழங்காலில் கை ஊன்றி எழுந்தார்.

"எந்திரி மலரு" என்றார்.

அவர் வாயிலிருந்து அந்தப் பெயரை அன்றைக்குத்தான் நாங்கள் முதல்முறையாகக் கேட்டோம். மலர் மறுபேச்சில்லாமல் எழுந்துவிட்டாள். மாப்பிள்ளை மட்டும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு நொண்டி நொண்டி வந்தார். கதவை நெருங்கும்போது ஹீரோ கண்ணைத் திறந்தான். "பாத்தியா, பொழச்சிட்டான்!" என்று மாப்பிள்ளை கை தட்டினார். நான் அவர்களை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினேன்.

அந்தக் கதவு பெயருக்குத்தான் கதவு. படி இறங்குவதற்குள் உள்ளேயிருந்து கதாநாயகியின் அலறல் கிளம்பியது. அதோடு தியேட்டர்ப் பெண்களின் விசும்பல். மலர் நின்று திரும்பினாள். அப்போது அந்த வாய் பேசாத அம்மாள், சந்தையில் கூவுகிற குரலில் பேச ஆரம்பித்தார். "மலரு, உங்கம்மா முறுக்குக்கு எள்ளு போட்டாங்களா, ஓமம் போட்டாங்களா? எனக்கு எள்ளுதான் புடிக்கும். ஓமம் போட்டா நெஞ்சக் கரிக்கும். அதிரசத்துக்கு எந்தக் கடை வெல்லம்? எங்கூரு வெல்லத்துல மண்ணு இருக்கு மலரு, நீயே பாத்திருப்ப…" மலர் திகைத்துப்போய், "எள்ளுதாங்கத்த, எள்ளுதான்" என்று சொல்லிக்கொண்டே இறங்கினாள். வாசல் தாண்டும்வரை அந்த அம்மாள் மூச்சுவிடவில்லை. அந்த அலறலில் ஒரு துளிகூட மலர் காதில் விழவில்லை.

பஸ் ஸ்டாண்டில் மற்றவர்கள் டீ வாங்கப் போனதும் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"தரைப்பாலத்துல தண்ணி வரல, இல்ல?"

"வரலைங்கத்த."

"முழுசாப் பாத்தேன்னு சொன்னீங்களே தம்பி."

"நான் பாத்ததுல பொழச்சிட்டாங்கத்த. சத்தியமா. பெரம்பலூர்ல கண்ணத் தொறந்ததோட வெட்டிட்டாங்க. தலதீவாளிப் புள்ளைங்க வருமேன்னு."

"வெட்டிட்டானா?" என்றார். பிறகு சிரித்தார். அந்த முகத்தில் சிரிப்பு எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. "நல்ல மனுசந்தான். பொழச்சிட்டான்னே இருக்கட்டும். அவகிட்ட வேற எதுவும் சொல்லாதீங்க."

பஸ் வந்தது. படியில் ஒரு காலை வைத்துவிட்டுத் திரும்பினார். "ஏறு மலரு."

மலருக்குப் புரியவில்லை. "துணிமணியெல்லாம் வூட்ல இருக்குங்கத்த."

"அத உங்கண்ணன் நாளைக்கிக் கொண்டாந்து குடுக்கட்டும். ஏறு. டேய் ராசேந்திரா, நீயும் ஏறு. மாமனார் வூட்ல உக்காந்து இன்னும் ரெண்டு நாள் என்னத்தத் திங்கப்போற."

அப்பா தோள்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மழை அப்போது விட்டிருந்தது.

மாப்பிள்ளைக்கு மட்டும் என்மேல் தீராத குறை. குடும்பத்தில் எந்த விசேஷத்துக்குக் கூடினாலும், "மச்சான் என்னைய கிளைமாக்ஸ்ல எழுப்பிக் கூட்டியாந்துட்டாரு" என்று ஆரம்பிப்பார். "ஆனா அவன் பொழச்சிட்டான்யா, நான் கதவுகிட்டருந்து பாத்தேன்" என்று முடிப்பார். பிற்பாடு டிவியில் அந்தப் படம் போடும்போதெல்லாம் அந்த அம்மாள் கரெக்டாகச் சேனலை மாற்றிவிட்டு, ரிமோட்டையும் எடுத்துக்கொண்டு மாடு கட்டப் போய்விடுவார் என்று கயல் சொல்லுவாள்.

சில வருடங்களுக்கு முன் ஒரு காலையில் ராசேந்திரனுக்கு நெஞ்சுவலி வந்தது. ஜெயங்கொண்டம் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. காரியத்தன்று சொந்தக்காரப் பெண்கள் மலரை நடுவில் உட்காரவைத்து, குங்குமத்தை எடுத்தார்கள். என்ன நடக்கப்போகிறது என்று தெரிந்து நான் வாசலுக்குப் போய்விட்டேன். அதைப் பார்க்கும் தெம்பு எனக்கில்லை. உள்ளேயிருந்து அந்த அம்மாளின் குரல் கேட்டது, முறுக்கைப் பற்றிப் பேசிய அதே குரல். "ஒருத்தரும் அவ நெத்தியில கைய வெக்கக் கூடாது. எனக்குப் பண்ணது போதும். எல்லாரும் எந்திரிங்க." பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்த அன்றைக்கு அப்படிச் சொன்னார். எனக்குக் கோவிந்தராசுவின் கத்தரிக்கோல் ஞாபகம் வந்தது. வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதேன். மலர் இன்றைக்கும் பொட்டு வைத்திருக்கிறாள்.

இதெல்லாம் மாடிப்படியில் உட்கார்ந்து நினைத்துக்கொண்டிருந்ததில் காபி ஆறி ஆடை கட்டிவிட்டது. கயலுக்குப் பதில் போடாமல் மலரைக் கூப்பிட்டேன்.

"சின்னப் படந்தான் நல்லா இருக்கு மலரு. ஆனா கடைசியில அவன்…"

"தெரியும்ண்ணே. கயலு போன்லயே விமர்சனம் பாத்துட்டு சொன்னா. இருக்கட்டும், அதுக்கே போவோம். நானும் வரேன். இந்தக் காலத்துப் புள்ளைங்க அழுதா அழுதுட்டு வந்து பிரியாணி திங்குங்க. நீ பாதியில வந்து எழுப்பாம இருந்தா சரி."

சிரித்தாள். நானும் சிரித்தேன். அவர்கள் வீட்டிலும் யாரோ வெடி போட்டார்கள்.

"ஏண்ணே" என்றாள். "அன்னைக்கு அந்தப் படத்துல அவன் பொழச்சிட்டாந்தானே? அவரு சாவற வரைக்கும் அப்பிடித்தான் சொல்லிக்கிட்டு இருந்தாரு. யூடியூப்ல இருக்குன்னு கயலு சொல்றா. நான் போட்டுப் பாக்கல."

"பொழச்சிட்டான் மலரு" என்றேன். "நான் பெரம்பலூர்ல என் கண்ணால பாத்தேன்."

"அதான" என்று போனை வைத்தாள்.

கயலுக்கு, 'மூன்றாவது படம். மாப்பிள்ளையோடு பார்க்கலாம்' என்று அனுப்பினேன்.

அந்த அரியலூர் பால்கனி இப்போது இல்லை. பெரம்பலூர்த் தியேட்டர் இருந்த இடத்தில் கல்யாண மண்டபம் நிற்கிறது. எங்கள் சேனலின் வயர் சில கம்பங்களில் அறுந்து தொங்குகிறது, எடுக்க ஆளில்லை. கோவிந்தராசு போய்விட்டார், அந்த அம்மாள் போன ஐப்பசியில் போனார், ராசேந்திரன் இல்லை. வெட்டிய துண்டைத் தீபாவளிக் கூட்டம் போனதும் திரும்ப ஒட்டித்தான் பெட்டியை அனுப்பியிருப்பார்கள். இப்போது எங்கே போட்டாலும் அந்த ஹீரோ செத்துத்தான் போகிறான். அவன் பிழைத்துக் கண் திறந்த படம், அந்த ஒரு தீபாவளிக்குப் பெரம்பலூரில் மட்டும் ஓடியது.